தாமஸ் குரோம்வெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் ஹென்றி ஆறு கல்யாணம் செய்தவர், அதில் இரண்டு மனைவிகளின் தலையை வெட்டியவர் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கல்யாணங்களைக் கட்டவும் அறுக்கவும் சட்டம் எழுதிக் கொடுத்து, இங்கிலாந்தை ரோமிலிருந்து பிரித்து, மடங்களின் சொத்தைக் கஜானாவில் கொட்டிய அமைச்சர் யார் என்று கேட்டால்தான் தடுமாற்றம் வரும். தாமஸ் குரோம்வெல்லைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே வந்து விழும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இவர்தானே ராஜாவின் தலையை வெட்டிய குரோம்வெல்?

இல்லை. அது ஆலிவர். முதலாம் சார்லஸின் தலை போனது 1649இல், நம் ஆள் செத்து நூறு வருஷத்துக்குப் பிறகு. ஆனால் சொந்தம் உண்டு. தாமஸின் சகோதரி மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ், தாய்மாமன் செல்வாக்கில் இருந்ததால் மாமாவின் குடும்பப் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டார். அந்த ரிச்சர்டின் கொள்ளுப்பேரன்தான் ஆலிவர்.

உண்மையிலேயே கொல்லர் மகனா, இல்லை எதிரிகள் கட்டிவிட்ட கதையா?

உண்மைதான். லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் பட்னி என்ற ஊர். அப்பா வால்டர் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார், துணி பதப்படுத்தினார், ஏல் என்ற பீரும் காய்ச்சி விற்றார். அந்த ஏல் விற்பனை விதிகளை மீறியதற்காக உள்ளூர் மன்றத்தில் திரும்பத் திரும்ப அபராதம் கட்டியவர், அடிதடி வழக்கிலும் பெயர் உண்டு. மகன் பிறந்தது 1485 வாக்கில் என்பார்கள். வாக்கில் என்று சொல்வதற்குக் காரணம், அந்தக் காலத்தில் சாதாரண வீட்டுப் பிள்ளையின் பிறப்பை எங்கும் பதிய மாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பையன் சின்ன வயதிலேயே கடல் தாண்டிப் போய்விட்டான். இத்தாலியில் பிரெஞ்சுப் படையோடு 1503இல் காரிக்லியானோ போரில் இருந்தான், தோற்று ஃபிளாரன்ஸ் வந்து பிச்சை எடுக்கும் நிலையில் இருந்தபோது ஃப்ரெஸ்கோபால்டி என்ற வங்கிக் குடும்பத்தார் கைகொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு மசாலா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். இத்தாலியில் இருந்தது, ஆண்ட்வெர்ப்பில் துணி வியாபாரிகளோடு பழகியது, இத்தாலியன், பிரெஞ்சு, லத்தீன் மூன்றும் கற்றது எல்லாம் நிஜம். பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலேயே ஊர் திரும்பி வக்கீல் தொழிலும் வட்டிக்குக் கடன் கொடுப்பதும் துணி வியாபாரமுமாகப் பிழைத்தார். இளமையில் தான் எப்பேர்ப்பட்ட போக்கிரி என்று பிற்காலத்தில் பேராயர் கிரான்மரிடம் அவரே சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

அரண்மனைக்குள் எப்படி நுழைந்தார்?

அப்போது ராஜாவின் தலைமை அமைச்சராக இருந்த கார்டினல் வோல்சி வழியாக. வோல்சியும் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை, இப்ஸ்விச் ஊர்க் கசாப்புக்காரர் மகன் என்று பிரபுக்கள் கிண்டல் அடிப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் இப்ஸ்விச்சிலும் தன் பெயர் சொல்லும் கல்லூரிகள் கட்ட ஆசைப்பட்ட வோல்சி, அதற்குப் பணம் சேர்க்க ஏறக்குறைய முப்பது சின்ன மடங்களைப் போப்பின் அனுமதியோடு மூடினார். அந்த வேலையை, அதாவது பத்திரம் பார்ப்பது, நிலம் அளப்பது, துறவிகளை வெளியே அனுப்புவது, இதையெல்லாம் 1524, 1525 முதல் ஓடியாடிச் செய்தவர் குரோம்வெல். பத்து வருஷம் கழித்து நாடு முழுக்க நடக்கப்போவதற்கு ஒத்திகை மாதிரி அது.

வோல்சி விழுந்தபோது இவர் ஏன் கூடவே விழவில்லை?

எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். ராஜா கேட்ட விவாகரத்தைப் போப்பிடம் வாங்கித் தர முடியாமல் 1529 அக்டோபரில் வோல்சியின் பதவி போயிற்று. நவம்பர் 1ஆம் தேதி, ஈஷர் என்ற இடத்தில் வோல்சி ஒதுங்கியிருந்த வீட்டில், ஜன்னலோரம் ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரோம்வெல் அழுதுகொண்டிருந்ததை வோல்சியின் பணியாளர் ஜார்ஜ் கேவண்டிஷ் பார்த்திருக்கிறார். எஜமானருக்காக அழுகிறீர்களா என்று கேட்டால், இல்லை, எனக்காகத்தான், பாடுபட்டுச் சேர்த்த எல்லாம் போகப்போகிறது என்றாராம். பூசி மெழுகவில்லை பாருங்கள். அதே மூச்சில், இன்றே லண்டன் போகிறேன், ஒன்று ஜெயித்து வருவேன் இல்லை கெட்டொழிவேன் என்று கிளம்பிவிட்டார். அந்த வருஷம்தான் மனைவி எலிசபெத் இறந்திருந்தார், இரண்டு பெண் குழந்தைகளும் அதே காலகட்டத்தில் போனார்கள், மிச்சம் மகன் கிரெகரி மட்டும்.

போனவர் டாண்டன் தொகுதியில் நாடாளுமன்ற இடம் பிடித்தார். அப்புறம் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக வோல்சியைக் கைவிடாமல் கடைசிவரை அவருக்காகப் பேசினார். விழுந்த எஜமானனை உதைக்காத வேலைக்காரன் என்று ராஜாவுக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. 1530 நவம்பரில் வோல்சி லெஸ்டரில் செத்தபோது குரோம்வெல் ராஜாவின் வேலைக்குள் நுழைந்தாகிவிட்டது.

அப்படி என்ன செய்து கொடுத்தார் ராஜாவுக்கு?

வோல்சி போப்பிடம் கெஞ்சி வாங்கப் பார்த்தார். குரோம்வெல் போப்பிடம் கேட்கவே தேவையில்லை என்று ஆக்கினார். ஆன் போலினைக் கட்டிக்கொள்ள முதல் மனைவி அரகான் கேத்தரினை விலக்க வேண்டும், அந்த வழக்கு ரோமில் கிடந்து ஆறேழு வருஷம் இழுத்துக்கொண்டிருந்தது. 1533இல் மேல்முறையீட்டுத் தடைச் சட்டம் வந்தது. இந்த இங்கிலாந்து ஒரு பேரரசு, இதற்குமேல் வெளியே எந்த நீதிமன்றமும் இல்லை என்று முகவுரையிலேயே அடித்துச் சொன்ன சட்டம் அது. மே மாதம் கிரான்மர் பழைய கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார், ஜூன் 1இல் ஆனுக்கு முடிசூட்டு, செப்டம்பரில் எலிசபெத் பிறந்தாள். 1534இல் ராஜாவே திருச்சபையின் தலைவர் என்று இன்னொரு சட்டம்.

ராஜாவின் ஆசையை ஆணையாகப் போடாமல் நாடாளுமன்றச் சட்டமாகப் போட்டதுதான் இவருடைய சாமர்த்தியம். ஆணையை அடுத்த ராஜா கிழித்துப் போடலாம். சட்டத்தை எடுக்க வேண்டுமானால் திரும்ப நாடாளுமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

என்னென்ன பதவி வகித்தார்?

1532இல் நகைக் காப்பாளர், 1533இல் கருவூல அமைச்சர், 1534இல் முதன்மைச் செயலாளர், 1535இல் திருச்சபை விவகாரங்களில் ராஜாவின் பிரதிநிதி, அதாவது பாதிரியார் பட்டம் இல்லாமலேயே பேராயர்களுக்கும் மேலே. 1536இல் முத்திரைக் காப்பாளர், கூடவே பிரபு பட்டம். 1540 ஏப்ரலில் எசெக்ஸ் ஏர்ல், அதைவிட உயர்ந்த பிரபு பட்டம்.

மடங்களை மூடியது மதத்துக்காகவா, காசுக்காகவா?

இரண்டும். சதவீதம் கேட்காதீர்கள். 1535இல் நாட்டிலுள்ள திருச்சபைச் சொத்து முழுவதற்கும் கணக்கெடுப்பு நடந்தது. இன்னொரு பக்கம் லேட்டன், லீ போன்ற ஆட்கள் மடம் மடமாகப் போய் ஒழுக்கக்கேடு, போலி அற்புதம், புனிதருடையது என்று காட்டும் பொய் எலும்பு என்று புகார்ப் பட்டியல் தயாரித்தார்கள். என்ன கிடைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் தேட அனுப்பினார்கள் என்று அந்த அறிக்கைகளைப் படித்தால் தோன்றும். 1536இல் வருஷ வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடும் சட்டம் வந்தது. பெரிய மடங்களைப் பிறகு ஒவ்வொன்றாகத் தாமாகவே ஒப்படைக்க வைத்தார்கள். 1540 மார்ச்சில் வால்தம் மடத்தோடு கதை முடிந்தது, மொத்தம் எண்ணூறுக்குப் பக்கம். பெரும்பாலான துறவிகளுக்கு ஓய்வூதியம் கிடைத்தது, முரண்டு பிடித்தவர்களுக்குத் தூக்கு. கிளாஸ்டன்பரி மடத்தலைவர் ரிச்சர்ட் வைட்டிங் வயதானவர், அவரைப் பற்றிக் குரோம்வெல் தன் குறிப்பில் எழுதிக்கொண்டது: கிளாஸ்டன்பரியில் விசாரித்து அங்கேயே தண்டனை நிறைவேற்றுவது. விசாரணையும் தண்டனையும் ஒரே வரியில்! 1539 நவம்பரில் அந்த ஊர்க் குன்றின்மேல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

சனங்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. 1536 இலையுதிர் காலத்தில் வடக்கே பெரிய கிளர்ச்சி, அருள் யாத்திரை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ராஜாவின்மேல் கோபம் இல்லை, அந்தக் கீழ்ப்பிறப்பு அமைச்சரை நீக்குங்கள் என்பது கோரிக்கைகளில் ஒன்று. ராஜா வாக்குக் கொடுத்துக் கலைந்துபோக வைத்து, பிறகு தலைவர் ராபர்ட் ஆஸ்க்கை யார்க்கில் தொங்கவிட்டார்.

தாமஸ் மோரைக் கொன்றது இவரா?

வழக்கை நடத்தியவர் இவர், கொல்ல நினைத்தவர் ராஜா. முன்னாள் சான்சலரான மோர், போப்பை விட்டு ராஜாவின் பக்கம் நிற்பதாகச் சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டால் போதும் என்று குரோம்வெல் உண்மையாகவே முயன்றார் என்றுதான் படுகிறது. எடுக்கவில்லை என்றதும் தயங்கவும் இல்லை. ரிச்சர்ட் ரிச் என்ற வக்கீலின் சாட்சியம் மோரைக் கவிழ்த்தது, 1535 ஜூலை 6இல் தலை போயிற்று. ரிச் என்ற பெயர் மறுபடியும் வரும்.

ஆன் போலினை இவரே உயர்த்தி இவரே கொன்றாரா?

கொன்றதில் பங்கு பெரிது. 1536 வசந்தத்தில் ஆனுக்கும் இவருக்கும் முட்டிக்கொண்டது, மடங்களின் பணம் எங்கே போக வேண்டும், யாரோடு கூட்டணி என்பதிலெல்லாம். அதோடு ஆண் குழந்தை கருவிலேயே கலைந்தது, ராஜாவின் கண் ஜேன் சீமோர் பக்கம் போயிற்று. மார்க் ஸ்மீட்டன் என்ற இசைக்கலைஞரை ஸ்டெப்னியில் குரோம்வெல்லின் வீட்டுக்கு வரவழைத்து விசாரித்தார்கள், வெளியே வரும்போது ராணியோடு தொடர்பு என்ற ஒப்புதல் கையில் இருந்தது. மூன்றே வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது: மே 17இல் ராணியோடு சேர்த்துக் குற்றம்சாட்டிய ஐந்து ஆண்களின் தலை போயிற்று, மே 19இல் ஆனின் தலை. இதையெல்லாம் யோசித்துத் திட்டமிட்டது நான்தான் என்று புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் ஷாப்யூயியிடம் பிறகு சொல்லியிருக்கிறார். பெருமைக்குச் சொன்னாரா, ராஜாவை மறைக்கச் சொன்னாரா என்பதில் இன்றுவரை சண்டை. ராஜா தலையசைக்காமல் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

நல்லது எதுவுமே செய்யவில்லையா?

செய்தார். 1538இல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் பெரிய ஆங்கில பைபிள் ஒன்று மக்கள் படிக்கும்படி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதே உத்தரவில் இன்னொன்று: ஊரில் நடக்கும் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் அடக்கத்தையும் பாதிரியார் ஒரு புத்தகத்தில் எழுதி வர வேண்டும். புது வரிக்குத்தான் இந்தக் கணக்கு என்று சனங்கள் பயந்தார்கள். இன்று இங்கிலாந்தில் யாராவது தன் பாட்டன் முப்பாட்டனைத் தேடினால் போய் நிற்பது அந்தப் புத்தகங்களில்தான். தன் பிறந்த தேதியே பதிவாகாத ஒரு மனிதர் போட்ட உத்தரவு.

அவருடைய வீட்டு வாசலில் தினமும் இரண்டு வேளை இருநூறு பேருக்கு மேல் ரொட்டியும் இறைச்சியும் பானமும் வாங்கிப்போனதைக் கண்ணால் பார்த்ததாக ஜான் ஸ்டோ என்ற லண்டன் வரலாற்றாளர் எழுதியிருக்கிறார். இந்த ஸ்டோவிடம் வேறொரு கதையும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்து ஏமாந்து கல்யாணம் செய்த கதை நிஜமா?

பாதி. மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் 1537இல் பிள்ளை பெற்று இறந்த பிறகு, கத்தோலிக்க நாடுகள் சேர்ந்து தாக்கினால் ஆபத்து என்று ஜெர்மனிப் பக்கம் கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆனைப் பேசி முடித்தார் குரோம்வெல். ஹோல்பைன் போய் வரைந்த படம் இன்றும் பாரிஸ் லூவரில் இருக்கிறது, பார்த்தால் அழகாகத்தான் தெரிகிறது. 1540 ஜனவரி 1இல் ராஜா மாறுவேஷத்தில் ரோசெஸ்டருக்குப் போய்த் திடீரென்று அவள் முன்னால் நின்றார். யாரோ ஒரு பருத்த ஆள் வந்து கட்டிப்பிடித்தால் எந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும்? அவள் கண்டுகொள்ளவே இல்லை. ராஜாவுக்குப் பட்ட அவமானம் அவளுடைய முகத்தின்மேல் விழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்று முனகிக்கொண்டே ஜனவரி 6இல் தாலி கட்டாத குறையாகக் கல்யாணத்தை முடித்தார். படம் வரைந்த ஹோல்பைனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவனியுங்கள்.

அப்படியானால் அந்தக் கல்யாணம்தான் வீழ்ச்சிக்குக் காரணமா?

அது ஒன்றே காரணமென்றால் ஏப்ரலில் ஏர்ல் பட்டம் ஏன் கொடுத்தார்கள்? கதை இன்னும் சிக்கல்.

நார்ஃபோக் கோமகனும் ஆயர் கார்டினரும் பல வருஷமாகக் காத்திருந்தார்கள். கொல்லன் மகனுக்குக் கீழே உட்கார வேண்டியிருந்தது நார்ஃபோக்குக்கு வயிற்றெரிச்சல், மதச் சீர்திருத்தம் அளவுமீறிப் போகிறது என்பது கார்டினருக்கு. ராஜாவே 1539இல் ஆறு விதிச் சட்டம் கொண்டுவந்து மதத்தில் பழைய பக்கம் திரும்பியிருந்தார், குரோம்வெல்லோ சீர்திருத்தக்காரர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பிரான்சும் பேரரசரும் ஒன்று சேர்ந்து தாக்கும் பயமும் குறைந்துவிட்டதால் கிளீவ்ஸ் உறவே வீண் சுமையாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து நார்ஃபோக்கின் அண்ணன் தம்பி மகள் கேத்தரின் ஹோவர்டு அரண்மனையில் ராஜாவின் கண்ணில் பட்டாள். ஏப்ரலிலேயே பிரெஞ்சுத் தூதர் மாரியாக் குரோம்வெல் ஆட்டம் கண்டுவிட்டார் என்று எழுதினார், அடுத்த வாரமே பட்டம். ஆக ராஜாவே முடிவெடுக்காமல் ஊசலாடியிருக்கிறார்.

ராஜாவை விட்டால் குரோம்வெல்லுக்கு வேறு நாதி இல்லை என்பதை மறக்கக் கூடாது. பரம்பரை நிலம், படை, சொந்தக்காரப் பிரபுக்கள் என்று எதுவும் கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவை ராஜா அவரைத் திட்டுவார், சில சமயம் தலையிலேயே நன்றாகப் போடுவார், அவரோ வெளியே வரும்போது நாட்டையே ஆள்பவர் மாதிரி சிரித்த முகத்தோடு வருவார் என்று அந்தக் காலத்து ஆள் ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னரோடு பழகுபவர் அகலாமலும் நெருங்காமலும் குளிர்காய்பவரைப் போல இருக்க வேண்டும் என்ற குறள் இருக்கிறதே, இவர் அடுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

கைது எப்படி நடந்தது?

1540 ஜூன் 10, பிற்பகல், வெஸ்ட்மின்ஸ்டரில் ஆலோசனைக் கூட்டம். காவல் தலைவர் வந்து கைது என்றார். குரோம்வெல் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசி, என் உழைப்புக்கு இதுதானா கூலி, நான் துரோகியா, உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள் என்று கத்தினார் என்று மாரியாக் எழுதுகிறார். மற்றவர்கள் துரோகி என்று கூச்சலிட, நார்ஃபோக் பாய்ந்து கழுத்திலிருந்த புனித ஜார்ஜ் பதக்கத்தைப் பிடுங்கினார். நண்பராக இருந்த சவுத்ஹாம்டன் பிரபு, உயர்ந்த வீரர் விருதின் அடையாளமான கார்ட்டர் பட்டையை அவிழ்த்தார். படகில் ஏற்றி டவர் சிறைக்குக் கொண்டுபோனார்கள், ஊருக்குத் தெரியும் முன்பே வீட்டில் சொத்துக் கணக்கெடுப்பு ஆரம்பமாகிவிட்டது.

விசாரணை நடந்ததா?

இல்லை. அட்டெயிண்டர் என்று ஒரு முறை உண்டு: நீதிமன்றமே தேவையில்லை, இன்னார் துரோகி என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டால் தலையும் சொத்தும் போய்விடும். முந்தின வருஷம் சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போலை இதே முறையில் விசாரணை இல்லாமல் கவிழ்த்தவர் குரோம்வெல். இப்போது அவர் பேரில் சட்டம் தயாரானது. அதில் மதத் துரோகம், அதிகாரத்தை மீறியது, கீழான பிறப்பில் வந்தவன் என்ற ஏச்சு எல்லாம் இருந்தது. ராஜாவே சீர்திருத்தத்தை விட்டுத் திரும்பினாலும் நான் திரும்ப மாட்டேன், வாளெடுத்து அவரோடு சண்டை போடுவேன் என்று 1539 மார்ச் கடைசியில் சொன்னாராம். இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் அப்படிப் பேசியிருப்பாரா, எனக்கு நம்பிக்கையில்லை. சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ரிச்சைக் குறிப்பிட்டு மறுத்திருக்கிறார். ஆமாம், மோர் வழக்கில் வந்த அதே ரிச்.

அவருக்காகப் பேசியது கிட்டத்தட்ட கிரான்மர் ஒருவர்தான். இவரை நம்பாவிட்டால் இனி யாரை நம்புவீர்கள் என்கிற தொனியில் ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்புறம் சட்டத்துக்கு எதிராக வாக்களிக்கவும் இல்லை.

உடனே ஏன் கொல்லவில்லை?

வேலை பாக்கி இருந்தது. கிளீவ்ஸ் ஆனோடு கல்யாணம் தாம்பத்தியமாகவே ஆகவில்லை என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும், ராஜா அதைப்பற்றிப் புலம்பியதைக் கேட்டவர் இவர்தான். ஜூன் 30இல் எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுத்து, முடிவில் கருணை, கருணை, கருணை என்று மூன்று முறை எழுதினார். ஜூலை 9இல் கல்யாணம் ரத்தானது. ஆன் சண்டை போடாமல் சம்மதித்து, மாளிகைகளும் ராஜாவின் சகோதரி என்ற அந்தஸ்தும் வாங்கிக்கொண்டு 1557 வரை வாழ்ந்தாள். இந்தக் கதையிலேயே கெட்டிக்காரி அவள்தான்.

ஜூலை 28, டவர் குன்று. மேடையில், நான் கத்தோலிக்க விசுவாசத்தில் சாகிறேன் என்று பேசினார், அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னமும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கோடரிக்காரன் கந்தலான, கசாப்புக்காரன் போன்ற ஆள், வேலையை மோசமாகச் செய்தான் என்கிறது அந்தக் காலத்து எட்வர்ட் ஹாலின் வரலாறு. அதே நாளில் ஓட்லாண்ட்ஸ் மாளிகையில் ராஜா கேத்தரின் ஹோவர்டைக் கல்யாணம் செய்துகொண்டார்.

ராஜா பிறகு வருத்தப்பட்டாரா?

எட்டு மாதத்திலேயே. அற்பக் காரணம் சொல்லி, பொய்க் குற்றம் சுமத்தி, எனக்குக் கிடைத்ததிலேயே விசுவாசமான வேலைக்காரனைக் கொல்ல வைத்துவிட்டார்கள் என்று அமைச்சர்களைக் கடிந்துகொண்டதாக 1541 மார்ச்சில் மாரியாக் எழுதினார். பழி எப்போதும் போல அடுத்தவர் தலையில்.

மகன் என்ன ஆனார்?

பிழைத்துக்கொண்டார். கிரெகரியின் மனைவி எலிசபெத், ஜேன் சீமோரின் தங்கை. 1540 டிசம்பரிலேயே அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார்கள்.

அவருடைய வீடு இன்னும் இருக்கிறதா?

இல்லை. லண்டனில் ஆஸ்டின் ஃப்ரையர்ஸ் பகுதியில் இருந்த அந்தப் பெரிய வீட்டை 1543இல் துணி வணிகர் சங்கம் ராஜாவிடமிருந்து வாங்கியது. 1666 லண்டன் பெருந்தீயில் கட்டடம் எரிந்தாலும் சங்கத்தின் மண்டபம் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஸ்டோ கதை என்றேனே, அது இந்த வீட்டைப் பற்றியதுதான். வீடு கட்டி முடித்ததும் தோட்டத்துக்கு இடம் போதவில்லை என்று குரோம்வெல்லின் ஆட்கள் அக்கம்பக்கத்தார் வேலியை எல்லாம் பிடுங்கி 22 அடி தள்ளி நட்டு மதில் எழுப்பினார்கள். பக்கத்தில் ஸ்டோவின் அப்பாவுக்கு ஒரு தோட்டம், அதில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டை அப்படியே பெயர்த்து, உருளைகள்மேல் வைத்து, 22 அடி உள்ளே உருட்டிவிட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கப்போனவருக்கு, எஜமானர் செய்யச் சொன்னார் என்பதுதான் பதில், எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. பாதித் தோட்டம் போன பிறகும் ஸ்டோவின் அப்பா வருஷ வாடகை ஆறு ஷில்லிங் ஆறு பென்ஸை முழுசாகக் கட்டிக்கொண்டிருந்தார்.